பழைய கோப்பின்மேல் எழுதிய பெயர்

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கணனியில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னர் ஒரு தாய் மகனுக்கு எழுதுவதைக் கையால் எழுதினால்தான் அழகு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். என் கையெழுத்தை வாசிக்க நீ படுகிற பாட்டைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே பார்த்து வருகிறேன், அந்தத் தண்டனை பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மேசையில் இருந்துவிட்டேன். இன்னும் பத்து நாளில் நீ டிலானியோடு கொட்டாஞ்சேனைக்குக் குடிபோகிறாய். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு பஸ் மாறினால் போதும், அதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கீழ்மாடி ஹாஜரா மாமி கேட்கிறா. உனக்குச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. நேரில் சொல்ல வாயெடுத்தால் நான் சாப்பாட்டைப் பற்றியும் சலவையைப் பற்றியும் கதைத்துவிட்டு எழும்பிவிடுவேன்.

நாள், நட்சத்திரம், நகை, மரியாதை எல்லாம் மாமிமார் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது கணனியைப் பற்றி. சிரிக்காதே. எங்கள் தொடர்மாடியில் லிப்டுக்குக் காத்து நிற்கும்போது ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை எந்த நாட்டில் எந்தப் பட்டம் முடித்தது என்று சொல்லுவா. நீ மருந்து இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றின் களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவன். நான் அதைச் சொன்னால் “அப்படியா” என்று கேட்டுவிட்டு லிப்டின் இலக்கத்தைப் பார்ப்பார்கள். உன்னைப் பற்றி நான் பெருமைப்படுகிற விஷயத்தை ஆறாம் மாடிக்குப் போகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது சின்னச் சித்திக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழ் உறைகளில் பெயரும் விலாசமும் எழுதுகிற வேலையை உன்னிடம் தந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால் ஒரு உறையிலும் ஒரு எழுத்து இல்லை. நீ சித்தப்பாவின் பழைய கணனியில் எல்லாப் பெயர்களையும் ஒரு அட்டவணையாக அடித்து, காலி வீதியிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் ஒட்டுகிற தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்தாய். நான் ஏசினேன். உறவுக்காரருக்குப் பெயரைக் கையால் எழுதப் பஞ்சிப்படுகிற பிள்ளை என்று மாமாவின் முன்னாலேயே சொன்னேன். நீ அட்டவணையை என்னிடம் நீட்டி, ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பு போகிறது, ஹாஜரா மாமி வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை என்று மட்டும் சொன்னாய். ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் கொடுத்து அனுப்புகிற வீட்டை நான் மறந்துபோனேன். பெயர்களை அகரவரிசையிலும் பிறகு வீதி வரிசையிலும் அடுக்கிப் பார்த்தபோது உனக்கு அது தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த அழைப்பை எடுத்துக்கொண்டு கீழே ஓடிப்போனேன். ஏசினதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. லேசான வழியைத் தேடுகிறவன் சோம்பேறி என்று நான் எந்தக் காலத்திலோ முடிவுகட்டி வைத்திருந்தேன். அந்த முடிவு எனக்கு எவ்வளவு பெரிய கேட்டைக் கொண்டுவந்தது என்பதை இனித்தான் சொல்லப்போகிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதி தெரியாது.

என் தொழிலை டிலானிக்கு நீ எப்படிச் சொல்லியிருக்கிறாயோ தெரியாது. புதுக்கடைப் பகுதியில் நீதிமன்றங்களுக்கு எதிர்ப்பக்கம், ஒரு சட்டத்தரணியின் அறையில் பாதியைப் பலகை வைத்து மறித்துத் தந்த இடத்தில் ஒரு மேசை. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்து, கையெழுத்து வைத்து முத்திரை குத்துகிற வேலை. உன் வயதுக்கும் கூடின காலமாகச் செய்கிறேன். தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கினேன், பிறகு அந்த அறையின் பழைய கணனி, பிறகு நீ முதல் சம்பளம் எடுத்து வாங்கித் தந்த மடிக்கணனி. மெஷின்தான் மாறியது. புது வழி தேடுவது சோம்பேறித்தனம் என்று நினைத்ததால் என் பழக்கம் மாறவில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழ் வந்தால், முன்பு செய்த ஆருடையதோ ஒரு பிறப்புச் சான்றிதழைத் திறப்பேன். அதன்மேல் புதுப் பெயரை அடிப்பேன், புதுத் திகதியை அடிப்பேன், சேமிப்பேன். வெறுந்தாளில் தொடங்குவதை விடக் கெதியாக முடிந்தது. புதுக்கடை முழுக்க என்னைப் போலக் கெதியாகச் செய்து தருகிற ஆள் இல்லை என்று லோயர்மார் சொல்லும்போது உள்ளுக்குள் குளிரும்.

கொலன்னாவையிலிருந்து சுகந்தி என்ற பெண் வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில். முப்பது வயது இருக்கும். புருஷன் வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் கிடைத்து நாலு வருடமாகத் தனிய இருக்கிறார். இவவும் ஆறு வயது மகளும் இங்கே. தூதரகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டது, இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. தன்னுடைய பத்திரம், மகளுடைய பத்திரம், விவாகச் சான்றிதழ் மூன்றையும் அடுத்த நாளே முடித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனா.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தா. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மகளின் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை மேசையில் விரித்து, தாயின் முழுப்பெயர் என்று இருக்கிற வரியில் விரலை வைத்தா. அந்த இடத்தில் வத்தளையிலிருந்து அதற்கு முந்தின மாதம் வந்த வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. பிள்ளையின் பெயரை மாற்றியிருந்தேன், தகப்பனின் பெயரை மாற்றியிருந்தேன், அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன்.

“அக்கா, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அங்க அவை வாசிச்சுக் காட்டேக்கதான் தெரியும். நீங்கள் என்ர பிள்ளைக்கு வேற அம்மாவை எழுதியிருக்கிறீங்கள்.”

பிள்ளை யாருடையது என்பதையே தூதரகத்தில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். கோப்பை நிறுத்தி, எட்டு மாதம் தள்ளி வேறு திகதி கொடுத்திருக்கிறார்கள். தம்பி, நான் அந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. கணனியில் ஏதோ பிழை, பழையது தானாக வந்து விழுந்துவிட்டது, இந்த மெஷின்களை நம்பக்கூடாது தங்கச்சி என்று சொன்னேன். என்னை நம்பி அவவும் தலையை ஆட்டினா. திருத்தின பிரதியைக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து உன்னிடமும் அதையே சொன்னேன். நீ வாங்கித் தந்த கணனி என் பெயரைக் கெடுத்துவிட்டது, இருபத்தாறு வருடமாக ஒரு பிழை வராத கை இது என்று கத்தினேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தார். நீ சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு புதுக்கடைக்கு வருவதாகச் சொன்னாய்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். வேறு யாராவது வந்திருந்தால் என் கையிலிருந்து கணனியை வாங்கி, அங்கே அழுத்தி இங்கே அழுத்தி, ஐந்து நிமிடத்தில் ஏதோ புதுசாகப் போட்டுத் தந்துவிட்டுப் போயிருப்பார்கள். சித்தப்பாவின் மகன் அப்படித்தான் செய்வான், அவன் போன பிறகு நான் எதையும் தொடப் பயந்துகொண்டு இருப்பேன். நீ ஒரு கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாய். “அம்மா, நீங்கள் வழமையாச் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றாய். சொன்னபடியே மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். சோற்றுப் பார்சல் சாப்பிடும்போது என் கண் அந்தக் கொப்பியில் பட்டது. சத்தியப் பந்தியை அம்மா ஒவ்வொரு தரமும் புதுசாக அடிக்கிறா. பெட்டிகளை நேராக்க இடைவெளியை அழுத்திக்கொண்டே போகிறா. ஒரு பழைய கோப்பைத் தேட இருபது நிமிடம். பெயர்களைப் பார்க்கும்போது போன் பதினொரு தரம் சத்தம் போட்டது. இவ்வளவுதான் இருந்தது. எந்த இடத்திலும் என்னைக் குறை சொல்கிற ஒரு சொல் இல்லை.

சாப்பிட்ட பிறகு சுகந்தியின் கோப்பைத் திறக்கச் சொன்னாய். அதைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது, புதுசு, புதுசு இரண்டு, கடைசி, கடைசி சரியானது என்று நான் பெயர் வைத்த கோப்புகள் வரிசையாக நின்றன. திறந்ததும் உனக்கு விளங்கிவிட்டது. வத்தளைப் பெண்ணின் கோப்பின்மேல் நான் எழுதியிருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. நீ திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்.

“ஆர் ஆருடைய பிள்ளை எண்டு கணனிக்குத் தெரியாது அம்மா. நாங்கள்தான் சொல்லவேணும்.”

இன்னொன்றும் கேட்டாய். பிழை மொழிபெயர்த்தவருடையது, குடும்பத்தினுடையது இல்லை என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த அக்காவுக்கு உதவுமா என்று. நான் கணனியை மூடினேன். பஸ்ஸில் உன்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கதைக்கவில்லை. என் முத்திரைக்கு நானே கரி பூசச் சொல்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, உன் களஞ்சியத்தில் ஒரு பெட்டியில் லேபல் மாறியிருந்ததைக் கண்டு, தன் பிழைதான் என்று மேலிடத்துக்கு முதல் ஆளாக எழுதிக் கொடுத்தது நீ என்று சொன்னார். அது எனக்குத் தெரியாது. நீ என்னிடம் சொன்னதே இல்லை. வேலை போயிருக்கக்கூடும் என்றும், ஒரு மருந்து மாறிப்போனால் ஒரு ஆளின் உயிர் போகும் என்று நீ அவரிடம் சொன்னதாகவும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போனதும் சுகந்திக்குப் போன் எடுத்தேன். கணனியில் பிழை இல்லை, நான் பழைய ஆளின் தாளின்மேல் எழுதினேன், ஒரு வரியைப் பார்க்காமல் விட்டேன், தங்கச்சி, உனக்குப் பொய் சொன்னேன் என்று சொன்னேன். சுகந்தி சொன்னா: “நான் இவ்வளவு நாளும் என்ர விதி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் அக்கா.” எனக்கு அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வேலை ஓடவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே கடிதத்தை எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தா. தூதரகத்தின் இணையத்தளத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, சொன்ன அளவுக்குள் ஏற்ற வேண்டும். முதல் தரம் ஒரு கடைக்காரர் ஏற்றித் தந்திருந்தார், பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்தன. நீ ஒவ்வொரு தாளையும் நிமிர்த்தி, என் கடிதத்தை முதலாவதாகவும் திருத்திய மொழிபெயர்ப்பை இரண்டாவதாகவும் மூலத்தை அதன் பக்கத்திலும் வைத்து ஒன்றாகச் சேர்த்தாய். வாசிக்கிறவர் எங்கேயும் தேடத் தேவையில்லாமல் ஒரு பக்கத்தில் நாலே வரியில் பொருளடக்கம் வைத்தாய். அனுப்புவதற்கு முன்னர் சுகந்திக்கு ஒவ்வொரு பக்கத்தையும் காட்டி, இது என்ன, இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டு போனாய். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு ஆளையும் நான் அப்படி இருத்தி வைத்துக் காட்டியதில்லை. முத்திரை இருக்கிறது, நம்புங்கள் என்று கொடுத்து அனுப்புவதுதான் என் முறை.

ஆறு கிழமையில் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டு நேர்முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். விசா கிடைத்துப் புருஷனிடம் போவதற்கு முதல் நாள் சுகந்தி மகளையும் கூட்டிக்கொண்டு புதுக்கடைக்கு வந்தா. பிள்ளை மேசையில் கிடந்த தன் பத்திரத்தின் பிரதியை எடுத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தாயின் பெயரைச் சத்தமாக வாசித்தது. வாசித்து முடித்துவிட்டு சரியா என்று என்னைப் பார்த்தது. நான் சரி என்றேன். உனக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீ எனக்குச் செய்து தந்தவை அதற்குப் பிறகுதான் தொடங்கின. நீ எதையும் கொண்டுவந்து குவிக்கவில்லை. முதலில் ஒரு வெறும் படிவம். ஒவ்வொரு வகைப் பத்திரத்துக்கும் ஒன்று, எந்த ஆளின் பெயரும் இல்லாதது, நிரப்பாத பெட்டி மஞ்சளாகவே நிற்கும். அதைத் திறந்தால் எப்போதும் புதுப் பிரதிதான் வரும், பழைய ஆள் வர வழியே இல்லை. சத்தியப் பந்திக்கு மூன்று எழுத்து அடித்தால் முழுவதும் தானாக வந்து நிற்கிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது முதலில் திகதி, பிறகு ஆளின் பெயர், பிறகு பத்திரத்தின் வகை. இப்போது எந்த லோயர் கேட்டாலும் அவர் கதிரையில் இருக்கும் முன்னரே எடுத்துக் கொடுக்கிறேன். ஊர்ப்பெயர்களுக்கு மூன்று மொழியிலும் ஒரு பட்டியல் தொடங்கித் தந்தாய். ஒரே ஊரை ஒரு குடும்பத்துக்கு ஒரு விதமாகவும் இன்னொரு குடும்பத்துக்கு இன்னொரு விதமாகவும் இவ்வளவு காலம் எழுதியிருக்கிறேன் என்பது அதில்தான் தெரிந்தது. பத்திரங்களைச் சரிபார்க்கிற நேரத்தில் போனை வாய் மூட வைத்தாய். மச்சாள்மாரின் காலை வணக்கப் படங்கள் மத்தியானம் வரை காத்திருக்கப் பழகிவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது வாசித்துக் காட்டுகிற வேலை. முடித்த மொழிபெயர்ப்பைக் கணனி சத்தமாக வாசிக்கும், நான் மூலப் பத்திரத்தில் விரலை வைத்துக்கொண்டு போவேன். நாங்கள் எழுதினதை நாங்களே பார்க்கும்போது கண் இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதை வாசிக்கிறது, காது அப்படிச் செய்யாது என்று நீ சொன்னாய். முதல் கிழமையிலேயே ஒரு பிறந்த வருடம் மாறியிருந்ததைக் காதுதான் பிடித்தது. அந்த மெஷின் எங்கள் பெயர்களைப் படுத்துகிற பாட்டுக்கு அடுத்த மேசை கிளார்க் சிறிசேன விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு ஒரு நாள் அவரே வந்து, “மிஸ், எனக்கும் அதை ஒருக்காப் போட்டுத் தாங்கோ” என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

வேலை பாதி நேரத்தில் முடியத் தொடங்கியதும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். இன்னும் கூடப் பத்திரங்களை ஏற்றுக்கொண்டேன். நீ அதைக் கண்டுவிட்டு, “மிச்சப்படுற நேரத்தில இன்னும் நாலு பேப்பர் எடுக்காதேங்கோ அம்மா, இருக்கிற பேப்பரை இரண்டாம் தரம் பாருங்கோ” என்றாய். நான் கேட்கவில்லை, ஒரு மாதம் கைவலி வந்த பிறகுதான் கேட்டேன். இப்போது இரண்டாம் தரம் பார்க்கிறேன், அதற்கு மேலும் நேரம் இருந்தால் கோட்டை ஸ்டேஷனில் நாலேகால் ரயிலைப் பிடித்துக் கடல் பக்க யன்னலில் இருந்து வருகிறேன்.

இணையத்தில் தானாக மொழிபெயர்க்கிற கருவிகள் வந்தபோது இனி எனக்கு வேலை இல்லை என்று நான் பயந்ததும், பிறகு ஒரு பத்திரத்தை உனக்குத் தெரியாமல் அதில் போட்டுப் பார்த்ததும் உண்மை. செல்வம் என்ற தகப்பனாரின் பெயரை அது சொத்து என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. சிரித்துக்கொண்டு உனக்குக் காட்டினேன். நீ சிரித்தாய், ஆனால் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நீளமான கடிதங்களுக்கு முதல் வரைவு எடுக்கலாம், பெயரையும் திகதியையும் இலக்கங்களையும் நீங்களே அடியுங்கள், ஆட்கள் நம்பித் தருகிற பத்திரங்களைத் தெரியாத இடத்தில் ஏற்றாதேங்கள், அது அவர்களுடைய வீட்டு விஷயம் என்று சொன்னாய். கடைசி வார்த்தை எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஏற்றிய பத்திரம் யாருடையது என்று நீ கேட்காமல் விட்டதற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

இனி ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் படத்தைக் காட்டுவதற்காகப் போன மாதம் உன் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனாய். நாட்காட்டி திறந்து கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு புதன்கிழமைக்கும் பின்னேரம் “அம்மா” என்று குறித்திருந்தாய். வருட முடிவு வரைக்கும் போகிறது. பெற்ற தாயை நினைக்க ஒரு மணி அடிக்க வேண்டுமா என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மருந்துப் பெட்டியோடு என்னையும் அடுக்கிவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு நாள் உன்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்தது அதனால்தான். நீ கல்யாண வேலைக் களைப்பு என்று நினைத்திருப்பாய்.

சேலை எடுக்கப் போனபோது டிலானியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “மறந்துபோயிடுவன் எண்ட பயம் அவருக்கு இல்லை ஆன்ரி. வேலை இடத்தில அந்த நேரம் பார்த்துக் கூட்டம் வச்சிடுவினம் எண்ட பயம். அப்படிக் குறிச்சு வச்சால் ஒருத்தரும் அந்த நேரத்தைத் தொடேலாது.” தன் பெயருக்கும் அப்படி ஞாயிற்றுக்கிழமைகள் இருப்பதாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள். உன்னை என்னை விட நன்றாக விளங்கிக்கொண்ட ஒரு பிள்ளை உனக்குக் கிடைத்திருக்கிறாள். அவளுடைய வீட்டுக்குள் போகும்போதும் முதல் கொஞ்ச நாள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார். அவளுடைய குசினியில் தகரங்களுக்குப் பெயர் ஒட்ட அவசரப்படாதே. அவள் எதை எங்கே ஏன் வைக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அவள் கேட்டால் ஒட்டு. பிழை உன்னுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடு. அது உனக்கு நான் சொல்லித் தந்ததில்லை, நீ எனக்குச் சொல்லித் தந்தது, இருந்தாலும் தாய் என்ற முறையில் ஒரு தரம் சொல்ல ஆசை.

இன்னும் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் உன்னை அனுப்ப மாட்டேன். இந்த ஒரு வருடமாகக் கிழமைக்கு ஒரு தரமாவது உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். பக்கங்கள் ஒன்றாகச் சேரவில்லை, பட்டியல் அகரவரிசையில் நிற்கவில்லை, அச்சு மெஷின் கணனியைக் காணவில்லை என்கிறது, ஒருக்கா வந்து பார் என்று. நீ வேலையால் வந்து முகம்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து இருப்பாய். ஒரு நாளும் சலித்ததில்லை, போன கிழமையும் இதைத்தானே காட்டினேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தம்பி, பக்கங்களைச் சேர்க்க எனக்கு மார்கழியிலேயே தெரியும். பட்டியலை அடுக்கத் தைப்பொங்கலுக்கு முன்னரே தெரியும். அச்சு மெஷினின் வயரைக் கழற்றி வைத்தது நான்தான். நீ பக்கத்தில் இருந்து கதைக்கிற அந்தக் கால் மணித்தியாலத்துக்காகக் கூப்பிட்டேன். இனி எல்லாவற்றையும் நானே செய்துகொள்வேன், அதைப் பற்றி யோசிக்காதே. ஒன்றும் பழுதாகாத நாளிலும் வா.

அம்மா